மகனுக்கு, இல்லாத நேர்த்தி பற்றி

மகனே,

சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய், கொழும்பில் வேலைக்குப் போய் வருகிறாய், அது எனக்குத் தெரியும். இப்போதைக்கு அது போதும். மூன்று நாளைக்கு முன் நீ போனில் சொன்னதைக் கேட்டு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. திரும்ப எடுத்துத் திட்டலாம் என்றால், "மீற்றிங்கில நிக்கிறன் அப்பா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, இந்த உறையை நான் ஒட்டப்போவதில்லை. உன் அம்மா வாசித்த பிறகுதான் தபாலுக்குப் போகும். வழியில் யாராவது பிரித்து வாசித்தால் அவர்களும் வாசிக்கட்டும். இருபத்தொரு வருடமாக மறைத்து மறைத்துத்தான் இந்த இடத்தில் வந்து நிற்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இன்னும் ஒழுங்காகப் பேசவில்லை. ஆளுக்கு ஆள் வேறு பேச்சுப் பேசித் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். நான் கண்டதை எழுதுகிறேன், பிழை இருந்தால் நீ திருத்து. கூறைச் சேலை எடுக்க தர்ஷினியும் அவளுடைய தாய் தகப்பனும் கிளிவெட்டியிலிருந்து வந்திருந்தார்கள். சேலை எடுத்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பாடு தங்கள் பொறுப்பு என்று சம்பந்தியம்மா பிடிவாதமாக நின்றா. துறைமுகம் தெரிகிற அந்தக் கடையில் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் இருந்தோம். எல்லோருக்கும் மிக்ஸ் ரைஸ். வெயிட்டரிடம் நான்தான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்: "மகனுக்கு மட்டும் இறால் வேண்டாம். அம்மனுக்கு நேர்த்திக்கடன்." என் வயதையொத்த மனிதன் அவன். பயபக்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

உன் தட்டு வந்தபோது மேலே நாலைந்து இறால் இருந்தது. வெயிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை உள்ளே எடுத்துப் போனான். நான் அரைக் கிளாஸ் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டான். சோற்றின் மேல் இப்போது ஒரு முட்டைப் பொரியல். ஓரத்தில் இருந்த தக்காளித் துண்டு அதே துண்டு, ஒரு பக்கம் கிழிந்தபடி. முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் இறங்குகிற பெட்டிகளில் உடைந்தது எது, நசுங்கியது எது என்று பார்த்துப் பழகிய கண் இது. அதற்குத் தப்பவில்லை. அது வேறு தட்டு இல்லை, இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொண்டுவந்த அதே தட்டு. உனக்கும் தெரிந்தது. சம்பந்தியம்மா ஆசையாக எழும்பி வந்து, கரண்டியால் கிளறிக் காட்டி, "பாருங்கோ தம்பி, ஒரு இறாலும் இல்லை, நான் வடிவாப் பாத்திட்டன். பயப்படாமச் சாப்பிடுங்கோ" என்று தன் கையாலேயே உனக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தா. நீ என் முகத்தைப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கடைசியில் எழுதுகிறேன்.

மூன்றாவது வாய்க்கே உன் உதடு தடித்துவிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றாய், அது உன் குரலாக இல்லை. கதிரையோடு சரிந்தாய். நானும் உன் அம்மாவும் உன்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டொக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். உயிர் போகிற இடத்தில்தான் எனக்கு உண்மை வாயில் வருகிறது, என்ன மனிதன் நான். ஊசி போட்டு, அரை மணித்தியாலத்தில் உன் மூச்சு சீராகி, நான் வெளியே வந்தால், சம்பந்தியம்மா விறாந்தையில் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருக்கிறா. "நேர்த்திச் சோத்தில இறால் பட்டிட்டுது அண்ணை. அம்மன் கோவிச்சிட்டா. என்ர கையாலதான் வைச்சனான்." அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா? "எழும்புங்கோ தங்கச்சி, ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன் என்று உன் அம்மா அன்றைக்கே கேட்டாள்.

மறுநாள் நீ எழும்பி நடந்த பிறகு, கோபத்தைக் கொட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நேரே அந்தக் கடைக்குப் போனேன். கடையையே இரண்டாக்கிவிடும் எண்ணத்தில்தான் போனேன். அதே வெயிட்டர் வந்தான். "என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தனீங்களா?" என்று கேட்டேன். அந்த மனிதன் பயந்து போனான், ஆனால் சொன்னது இதுதான்: "ஐயா, நீங்கள் நேர்த்தி எண்டுதானே சொன்னனீங்கள்? ஒண்டும் விடாமப் பொறுக்கி எடுத்துப்போட்டுத்தான் தந்தனாங்கள். வருத்தம் எண்டு சொல்லியிருந்தா நான் வேற தாச்சியில போடச் சொல்லியிருப்பன்." வேறு இரும்புச் சட்டியில் போட்டிருப்பானோ, சும்மா சொன்னானோ, தெரியாது. ஆனால் நேர்த்திக்காரனுக்கு இறாலைப் பொறுக்கி எடுத்தால் போதும், உனக்குப் போதாது. இந்த வித்தியாசத்தை அவனுக்குச் சொல்லாமல் விட்டது நான். திட்டப் போனவன் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த நேர்த்திக் கதை எங்கே தொடங்கியது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உனக்கு எட்டு வயது. கடற்கரையில் ஒரு இறால் வடை கேட்டாய், வாங்கித் தந்தேன். பாதி தின்பதற்குள் முகம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. டொக்டர் அன்றைக்கே தெளிவாகச் சொன்னார். இது ஒவ்வாமை, இறாலும் நண்டும் இந்தப் பிள்ளைக்கு இனி எக்காலமும் ஆகாது, அடுத்த முறை இதைவிட மோசமாக வரும், அதே எண்ணெய் பட்டாலும் போதும் என்றார். நான் வீட்டுக்கு வந்து என் அக்காவிடம் சொன்னேன். உன் மாமியைத்தான் உனக்குத் தெரியுமே. "ஆம்பிளைப் பிள்ளைக்கு வருத்தம் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லித் திரியாதை. நாளைக்குப் பொம்பிளை எடுக்கேக்க இதைத்தான் முதல்ல கேப்பினம்" என்றா. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கலியாணக் கவலை. சிரிக்க வேண்டிய பேச்சு. நான் சிரிக்கவில்லை, பயந்துவிட்டேன்.

அடுத்த மாதமே ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டில் பிறந்தநாள். வீட்டுக்காரி இறால் பொரியலை உன் தட்டில் போட வந்தா. வேண்டாம் என்றேன். "ஒண்டு தின்னட்டுமன், எங்கட வீட்டுச் சாப்பாடு பிடிக்காதோ?" என்று முகம் கறுத்தா. எங்கள் ஊரில் வேண்டாம் என்ற சொல்லுக்கு மரியாதை இல்லை என்பது உனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு கரண்டி விழும். என்ன சொல்வது என்று தெரியாமல், கோயில் வாசலை வருடத்துக்கு ஒருமுறை மிதிக்கிற நான், "பிள்ளைக்கு அம்மன் நேர்த்தி, இறால் தொடான்" என்றேன். அவ்வளவுதான். அந்த மனுசி கரண்டியை அப்படியே பின்னால் எடுத்தா. உன் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டா. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும், எல்லாக் கடையிலும் அதே கதை. உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். பத்து வயதில் நீ என்னைவிட அழகாக, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய்.

உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மன்ர பேரில பொய் சொல்லுறியள். ஆராவது ஒராள் இந்த நேர்த்தியை மெய்யாப் பிடிக்கவேணும்" என்றாள். அன்றிலிருந்து அவள் இறால் தொடவில்லை. அவளுக்கு இறால் எவ்வளவு பிடிக்கும் என்பது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ விவரம் அறிந்த நாளிலிருந்து அவள் தின்று நீ பார்த்ததில்லை. உனக்காகத்தான் வீட்டில் சமைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். வெளியே போனாலும் அவள் தொடமாட்டாள். நான் வாயால் சொன்ன பொய்யை அவள் இருபத்தொரு வருடம் வயிற்றால் சுமந்தாள். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். கிண்ணியாவில் நிஸ்தார் வீட்டில், என்னோடு துறைமுகத்தில் வேலை செய்தவர். பெருநாளுக்குக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் வீட்டில் போய் அம்மன் நேர்த்தி என்று அளக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல், "பிள்ளைக்கு இறால் பட்டாலே மூச்சு அடைச்சுப்போகும்" என்று சொன்னேன். நிஸ்தாரின் மனைவி ஒரு சொல் கேட்கவில்லை. குசினிக்குள் போய், புதுச் சட்டி ஒன்றை எடுத்து, கழுவி, உனக்குத் தனியாக ஆக்கினா. "இந்தக் கரண்டிய ஆரும் வேற சட்டிக்குள்ள போட்டா கைய முறிப்பன்" என்று வீட்டில் இருந்த பெரியவர்களுக்குச் சத்தம் போட்டா. நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். வருடா வருடம் அந்த வீட்டில்தான் நீ பயமில்லாமல் சாப்பிட்டாய், நானும் பயமில்லாமல் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டும், மற்ற வீடுகளில் நான் நேர்த்தியைத்தான் இழுத்தேன். இதற்கு என்ன மன்னிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பிழையை எழுதிவிட்டேன் என்பதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. நீ இன்னும் எட்டு வயதுப் பிள்ளை இல்லை, உனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் உன்னோடு ஒரு கொத்து ரொட்டிக் கடைக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "எனக்கு இறால் போடாத கொத்து" என்றாய், அத்தோடு போனை நோண்டத் தொடங்கிவிட்டாய். எங்களுக்கு முன்னால்தான் அந்த இரும்புத் தட்டில் இறால் கொத்து அடித்து இறக்கினார்கள். அதே தட்டு, அதே இரண்டு தகடு, அதே எண்ணெய். தட்டைக் கழுவிவிட்டுப் போடச் சொன்னேன். கொத்துக்காரன் சிரித்தான்: "அந்தச் சூட்டில எல்லாம் எரிஞ்சு போகும் ஐயா." நான் குரலை உயர்த்த, நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "விடுங்கோ அப்பா, சனம் பாக்குது." அன்றைக்கு நான் விடாமல் பிடித்து உன்னை வெளியே இழுத்து வந்தேன், நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சனம் பார்க்கிறதாம். நீ தரையில் கிடந்து மூச்சுக்குத் துடித்தபோதும் சனம் பார்த்தது. ஒருவர் போனில் படமும் எடுத்தார்.

இப்போது அந்தப் போன் கதைக்கு வருகிறேன். சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பூசை வைக்கிறா என்று உனக்குச் சொன்னேன். பட்ட தீட்டைப் போக்கி, நேர்த்தியை நல்லபடியாக முடித்துவைக்கிற பூசை. அதற்குப் பிறகு மாப்பிள்ளை எதையும் சாப்பிடலாம் என்பது அவவுடைய கணக்கு. கேட்டதும் நீ பதறுவாய் என்று நினைத்தேன். நீ என்ன சொன்னாய்? "நல்லதுதானே அப்பா. நேர்த்தி முடிஞ்சுது எண்டா இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம். நான் பாத்துச் சாப்பிடுவன். கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம்." எப்படியடா பார்த்துச் சாப்பிடுவாய்? அன்றைக்கும் பார்த்துவிட்டுத்தானே சாப்பிட்டாய்? அந்தத் தட்டை நீ பார்த்தாய், நான் பார்த்தேன், சம்பந்தியம்மா கிளறியே பார்த்தா. மூன்று பேர் பார்த்துச் சாப்பிட்ட சோறு அது. அந்த மனுசி உனக்காகச் சாமியிடம் கெஞ்சிக்கொண்டிருக்க, அது உனக்கு வசதியாக இருக்கிறது என்கிறாய். என் பிள்ளையா இது என்று கேட்கத் தோன்றியது. என் பிள்ளைதான், நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

ஆகவே, உன்னைக் கேட்காமல் நான் நேற்றுக் கிளிவெட்டிக்குப் போனேன். காலை பஸ்ஸில், கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் போகும்வரை என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா கதவைத் திறந்தா. ஆள் பாதியாகிவிட்டா. தர்ஷினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதைத் தொடாமல் சொன்னேன். நேர்த்தி இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, பிள்ளைக்கு இறால் ஒவ்வாது, பட்டால் உயிர் போகும், வருத்தம் என்று தெரிந்தால் பொம்பிளை கிடைக்காது என்று பயந்து நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சம்பந்தியம்மா எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. பிறகு கேட்டா: "அப்ப அம்மன் கோவிக்கேல்லையோ?"

"இல்லை தங்கச்சி."

"பத்து நாளாய் நான் ஒருநேரச் சாப்பாடு அண்ணை. கண்ணை மூடினா அந்தப் பிள்ளை கதிரையால சரியிறதுதான் தெரியுது. என்ர கையாலதானே வைச்சனான் எண்டு..." அவ என்னைத் திட்டியிருந்தால் நான் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவ எழும்பி உள்ளே போய்ப் போனை எடுத்தா. யாரோ ஒருவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது: "அந்த ஆத்து இறால் வேண்டாம். ஓம், ஒரு கிலோவும் வேண்டாம். இல்லை, இனி எப்பவும் வேண்டாம்." உனக்காகச் சொல்லிவைத்திருந்தாவாம். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் விருந்துக்கு, நேர்த்தி முடிந்த மாப்பிள்ளைக்கு முதன்முதலாக இறால் குழம்பு வைக்க. அந்த விருந்தில் நீ எதைப் பார்த்து, எதைப் பொறுக்கிச் சாப்பிட்டிருப்பாய் என்று எனக்கு எழுது.

போனை வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்று கேட்டா: "சட்டி மாத்தவேணுமோ அண்ணை? அகப்பையும் மாத்தவேணுமோ? இறால் காய்ச்சின சட்டி ரெண்டு கிடக்கு. கழுவினாக் காணுமோ, எறியவேணுமோ?"

இருபத்தொரு வருடம், மகனே. இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்க வேண்டும். கேட்க விடாமல் நான்தான் எல்லோருடைய வாயையும் அடைத்து வைத்திருந்தேன். ஒரு ஊர்ப்பெண், உண்மை தெரிந்து ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டா. நான் பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

தர்ஷினி அழவில்லை. பஸ்ஸுக்கு என்னோடு ரோட்டு வரைக்கும் நடந்து வந்தாள். "எனக்கு அண்டைக்கே சந்தேகம் மாமா. அவரிட்டை நேராக் கேட்டனான். 'ஓம், அம்மன்தான்' எண்டு சொல்லிச் சிரிச்சார்" என்றாள். பிறகு, "இறால் ஒவ்வாது எண்டா எனக்கு ஒண்டும் இல்லை. அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? இன்னும் என்னென்ன சொல்லேல்லை?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவனிடம் கேள் என்று நான் சொல்லவில்லை. நீயாக அவளுக்குச் சொல்ல வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு இல்லை. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் போனை எடு. அவள் இந்தக் கலியாணமே வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இனி நீ எந்தக் கடைக்குப் போனாலும், எந்த வீட்டில் கை நனைத்தாலும், வருத்தத்தை அதன் பேரைச் சொல்லிச் சொல். எந்தத் தாச்சி, எந்த எண்ணெய், எந்தக் கரண்டி என்று கேள். வெயிட்டர் சிரித்தால் சமையல்காரனைக் கூப்பிடச் சொல். அவனும் சிரித்தால் எழும்பி நட, வழியில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின். பொறுக்கி எடுத்துத் தந்த தட்டென்று சந்தேகம் வந்தால் அதைத் தொடாதே, யார் கையால் வைத்தாலும் தொடாதே. அவர்களுடைய முகம் கறுக்கும், கறுக்கட்டும்.

இப்போது, கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்னது. அந்தத் தட்டை வைத்ததும் நீ என் முகத்தைப் பார்த்தாய். எட்டு வயதில் பார்த்த அதே பார்வை. சாப்பிடட்டுமா, வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள் என்று. எனக்குத் தெரியும் அது அதே தட்டு என்று. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் ஒரு பிரச்சினை வேண்டாம் என்று நினைத்தேன். கண்ணால் சொன்னேன், கொஞ்சமாய்ச் சாப்பிட்டுச் சமாளி என்று. நீ கரண்டியை எடுத்தாய்.

இதை நீ அம்மாவுக்குச் சொல்லவில்லை. தர்ஷினிக்கும் சொல்லியிருக்கமாட்டாய். என்னைக் காப்பாற்ற நினைத்தாயாக்கும். வேண்டாம், நானே அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். இனி ஒரு தட்டு உன் முன்னால் வந்தால், என் முகத்தைப் பார்க்காதே.

அப்பா